தலையாட்டி டாக்டர்

சபரிநாதனுக்கு வாழ்க்கையில் பெரிய குறை எதுவும் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய சகலை கோழிகளுக்கு டாக்டர்.

கோழி டாக்டர் என்பது நாமக்கல்லில் ஏளனமாகச் சொல்கிற வார்த்தை இல்லை. மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வீடு கவலைப்படும். பண்ணையில் கோழி தலையைத் தொங்கப்போட்டால் பேங்க், தீவன மில், முட்டை லாரி என்று ஒரு வட்டாரமே சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கும். அதனால் மூத்த மாப்பிள்ளை வீரபாகுவின் கார் மாமனார் சின்னுசாமியின் பண்ணை கேட்டுக்குள் நுழைந்தாலே, "டாக்டர் வந்துட்டாருங்க" என்று தீவனம் அள்ளுகிற ஆள் முதல் சமையல்கட்டு வரைக்கும் சேதி போய்விடும். பின்னாலேயே இளைய மாப்பிள்ளை சபரிநாதன் வந்து இறங்கினால், "சின்ன மாப்ளையும் வந்துட்டாரு" என்பார்கள். அந்த ‘உம்’ நேராகப் போய் அவருடைய முதுகெலும்பில் குத்தும். எந்தக் கணுவில் குத்துகிறது என்பதுகூட அவருக்குத் தெரியும். அவர் படித்த படிப்பு அப்படி.

இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி படித்தவர். பட்டப்படிப்பு, அதற்குமேல் மேற்படிப்பு, இரண்டையும் முடித்துவிட்டுப் பரமத்தி சாலையில் ஒரு கிளினிக் வைத்திருந்தார். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், முட்டை பொறுக்கியே தோள் தூக்க முடியாமல் போன பெண்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கக் காலை இழுத்து நடப்பவர்கள் எல்லாரும் அவரிடம் வந்தார்கள். நல்ல கைதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு ஊர் வைத்த பெயர் ‘கரண்ட் வெக்கிற எடம்’. வலிக்குக் கொடுக்கிற மின்தூண்டல் மெஷினை மட்டும் ஊர் கவனித்துக்கொண்டது. மற்றதெல்லாம் அதன் கண்ணில் படவில்லை.

விசேஷ வீடுகளில் மாமியார் கண்ணாத்தாள் மருமகன்களை அறிமுகப்படுத்தும்போது சபரிநாதன் கழிப்பறை தேடுகிற பாவனையில் நழுவப் பார்ப்பார். விடமாட்டாள்.

"இவரு பெரிய மாப்ளைங்க, டாக்டரு. இவரு சின்ன மாப்ளைங்க. நாமக்கல்லுல கரண்டு வெக்கறாருங்க."

"ஓ, ஈ.பி.லீங்களா?" என்று உறவுக்காரர் அக்கறையோடு நெருங்கி வருவார். "நம்ம தோட்டத்துக்கு ஒரு சர்வீசுக்கு எழுதிப் போட்டு ரொம்ப நாளாச்சுங்க மாப்ள. கொஞ்சம் பாத்துத் தள்ளி உடுங்களேன்."

ஒருமுறை சபரிநாதன் பொறுமையாக விளக்கினார். தசை, நரம்பு, மூட்டு, அசைவு என்று சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அந்த உறவுக்காரர் சொன்னார்: "அப்ப மூணு பேஸ் லைனு உங்க கையில இல்லீங்களா?"

இந்த மாதிரிக் காயங்களுக்கெல்லாம் களிம்பு தடவுகிற இடம் ஒன்று சபரிநாதனுக்கு இருந்தது. ‘இயன்முறை மருத்துவர் எழுச்சிப் பேரவை’ என்று சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு சங்கம். ஓமலூர் மாதையன் அதற்குத் தலைவர், சபரிநாதன் செய்திச் செயலாளர். உலகத்தில் எந்த மூலையில் இயன்முறை மருத்துவம் பற்றி என்ன நடந்தாலும் விடிந்ததும் அதைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றுவது அவர் பொறுப்பு. ஜப்பானில் ரோபோ ஒன்று நோயாளியின் இடுப்பைப் பிடித்து நடத்துகிறது. எங்கோ ஐரோப்பாவில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கற்பனைக் காட்டுக்குள் நடந்தே ஒருவர் குணமாகிவிட்டார். செல்போனில் படம் பிடித்தால் போதும், செயற்கை நுண்ணறிவே முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று சொல்லிவிடும். எல்லாச் செய்திக்கும் மேலே சபரிநாதன் ஒரே தலைப்புதான் போடுவார்: ‘நம் துறை விழித்துக்கொண்டது.’ வருடக்கணக்காக அது தினமும் விழித்துக்கொண்டிருந்தது.

அந்தச் செல்போன் செயலியை அவர் வாங்கியும் பார்த்தார். மோகனூரிலிருந்து வந்த ஒரு விவசாயியை நடக்கவிட்டுப் படம் பிடித்தார். அந்த மனிதர் கட்டியிருந்தது எட்டு முழ வேட்டி. செயற்கை நுண்ணறிவு ரொம்ப நேரம் முழங்காலைத் தேடிவிட்டு, ‘படத்தில் மனிதர் எவரும் இல்லை’ என்று முடிவு சொன்னது. சபரிநாதன் இந்தச் செய்தியைக் குழுவில் போடவில்லை.

போன கோடையில், சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், நிஜமாகவே ஒரு செய்தி வந்தது. டெல்லியில் புதிய பாடத்திட்டம் வெளியாகியிருக்கிறது, இனிமேல் இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்றும் பின்னால் ‘பி.டி.’ என்றும் போட்டுக்கொள்ளலாம். மாதையன் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னணியில் பட்டாசு கேட்டது.

அப்போது சபரிநாதன் லாரி டிரைவர் மாரியின் இடுப்பில் ஒயர்களை ஒட்டி மெஷினை ஓடவிட்டிருந்தார். செய்தியைக் கேட்டதும், "இருங்க வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு பேக்கரிக்குப் போனார். கேக்கில் ‘டாக்டர்’ என்று எழுதச் சொன்னார். எழுதுகிற பையன் ‘ட’வைப் பெரிதாகப் போட்டு ‘ர்’க்கு இடமில்லாமல் செய்துவிட்டதால் இன்னொரு கேக். பிறகு போர்டு எழுதுகிற கடை. அப்புறம் கார் கண்ணாடிக்கு ஸ்டிக்கர். திரும்பி வந்தபோது மாரி குப்புறப் படுத்தபடியே இருந்தார்.

"கரண்டு எப்பவோ நின்னு போச்சுங்க சார். எந்திரிக்கலாமா வேண்டாமான்னு தெரீல, அப்படியே தூங்கிட்டனுங்க."

"இனிமே சார் வேண்டாம் மாரி. டாக்டர்னு கூப்புடுங்க."

மாரி சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்து அவரைக் கவலையோடு பார்த்தார். "அப்ப ஊசி போடுவீங்களா?"

வீட்டில் மனைவி பிரவீனா கேக்கை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் நம்ப மாட்டாள்.

"ஏனுங்க, நேத்து வரைக்கும் வந்த வலி இன்னிக்கு வேற மாதிரி செரியாகுமுங்களா?"

"உனக்குப் புரியாது. உங்க அக்கா ஊட்டுக்காரருக்குக் கோழியப் பாத்தே அந்த மரியாதை. நான் மனுசனப் பாக்கறவன்."

"கோழி பதில் பேசாதுங்க. அதுதான் அவருக்கு மரியாதை," என்றாள் பிரவீனா.

ஆவணியில் விஷயம் குடும்பத்துக்குள் இறங்கியது. சின்னுசாமியின் ஒரே பையன் சரவணக்குமாருக்கு ஐப்பசியில் கல்யாணம். பத்திரிகையின் மாதிரி அச்சு வந்ததும் சபரிநாதன் பண்ணைக்கே போய்விட்டார். ‘டாக்டர் வீரபாகு – ஸ்ரீதேவி’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘சபரிநாதன் – பிரவீனா’. மொட்டையாக.

"மாமா, சட்டப்படி எனக்கும் போடோணுமுங்க."

சின்னுசாமி கோழிப் பண்ணை வைத்திருப்பவர். ஆய்வுக்கு வருகிறவர்களையும் வராமல் இருப்பவர்களையும் சமாளித்துப் பழகியவர். சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே துண்டை இடுப்புக்கு இறக்கிவிடுவார். "போட்ருவோமுங்க மாப்ள. சட்டத்துல இருந்தா போட்டுத்தான ஆகோணும்," என்றார். போட்டார்கள். பத்திரிகை கட்டுக்கட்டாக அச்சாகி வந்து முன்னறையில் இறங்கியது.

அதற்கு அப்புறம் டெல்லியிலிருந்து ஒரு கடிதம் கிளம்பியது. இயன்முறை மருத்துவர்கள் ‘டாக்டர்’ போடக்கூடாது, போட்டால் சட்ட மீறல். அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது வீரபாகு. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. செய்தி, அதற்குக் கீழே ஒரு கும்பிடு. அவ்வளவுதான். சபரிநாதனுக்கு அந்தக் கும்பிடு செருப்படி மாதிரி இருந்தது.

சின்னுசாமி ஆடிப்போனார். முன்னறையில் அத்தனை பத்திரிகையும் சட்ட மீறலாகக் கிடந்தது. மறுபடி அச்சடிக்கக் கண்ணாத்தாளுக்கு மனசு வரவில்லை. அவளே வழி கண்டுபிடித்தாள். கடைவீதியில் மஞ்சள் நிறத்தில் குட்டிப் பிள்ளையார் ஸ்டிக்கர் கட்டு வாங்கி வந்து, பண்ணை ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த ‘டாக்டர்’ மேல் ஒரு பிள்ளையாரை ஒட்டவைத்தாள். மங்களமாகவும் இருந்தது, மறைந்தும் போனது.

மறுநாளே டெல்லி அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. விஷயம் மேலும் ஆராயப்படும், அதுவரை பழைய கடிதம் செல்லாது.

மாதையன் மறுபடி பட்டாசு வெடித்தார். சபரிநாதன் பண்ணைக்கு ஓடினார். பண்ணை ஆட்கள் பிள்ளையாரைப் பிய்க்க உட்கார்ந்தார்கள். ஸ்டிக்கர் நல்ல தரம். சிலதில் பிள்ளையார் மட்டும் வந்தார். சிலதில் டாக்டரும் சேர்ந்து வந்துவிட்டது. சிலதில் காகிதமே கிழிந்து ஓட்டை விழுந்தது. மீதியில் பிள்ளையார் அசையவே இல்லை. நேரமாகிறது என்று அப்படியே ஊர் ஊராகக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். ஆக, எடப்பாடி சொந்தக்காரர்களுக்கு அவர் டாக்டர் சபரிநாதன். ராசிபுரத்தில் வெறும் சபரிநாதன். திருச்செங்கோட்டில் பிள்ளையார் சபரிநாதன்.

"சின்ன மாப்ள கோயில்ல பூசை எதாச்சும் பண்றாருங்களா?" என்று திருச்செங்கோட்டிலிருந்து ஒரு போன் வந்தது. கண்ணாத்தாள் யோசித்துவிட்டு, "இல்லீங்க, கரண்டு வெக்கறாரு," என்றாள்.

இந்தச் சமயத்தில் சபரிநாதன் தூக்கம் கெட்டு இளைத்துப் போனார். நோயாளிக்குக் காலைத் தூக்கிப் பிடித்திருக்கும்போதே ஒரு கை செல்போனைத் தடவும். டெல்லி இப்போது என்ன சொல்கிறது? யாரோ போட்ட வழக்கு கோர்ட்டில் என்ன ஆயிற்று? ஒரு நாள் தோள் பிடித்துப்போன ஒரு அம்மாளின் கையை உயர்த்திப் பிடித்தபடியே செய்தி படித்து முடித்தார். அந்த அம்மாள் வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி, பிணவறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு தசையாக எண்ணிப் படித்த காலம் ஞாபகம் வந்தது. அப்போது ஒரு ஆளை நடக்கவைத்தால் போதும் என்றுதான் இருந்தது. நடந்தவன் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவான் என்று அப்போது யோசித்ததில்லை. இதை நினைத்து அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் வெட்கம் தெளிந்து, ‘நம் துறை விழித்துக்கொண்டது’ என்று ஒரு கொரியச் செய்தியைப் போட்டார்.

கல்யாண மண்டபம் மோகனூர் சாலையில். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அதில் மணமக்களுக்கு இரண்டு பக்கமும் மாப்பிள்ளைகள் கைகூப்பி நின்றார்கள். சின்னுசாமி முன்யோசனைக்காரர். சபரிநாதன் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ அச்சடித்து, அதன்மேல் ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டவைத்திருந்தார். "இன்னும் ஆராயறாங்கன்னுதானுங்க போட்ருக்கு. நெலவரத்தப் பாத்துட்டு எடுத்துக்கலாமுங்க," என்றார்.

முகூர்த்தத்தன்று காலையில் அந்தக் காகிதம் இன்னும் அங்கேயே இருந்தது. ஐப்பசி மழையில் நனைந்து, காய்ந்து, இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டுச் சட்டையும் பட்டு வேட்டியுமாக வந்த சபரிநாதனுக்கு உள்ளே போகவே கால் வரவில்லை. வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்த மாமனாரின் கையைப் பிடித்தார்.

"மாமா, நெலவரம் நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தக் காயிதத்த எடுக்கச் சொல்லுங்க."

"எந்தக் காயிதமுங்க?"

"அதா, மேல. நல்லா அண்ணாந்து பாருங்க."

சின்னுசாமி அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கையில் அகப்பட்டது வாசலில் கட்டியிருந்த வாழைமரம். குலையோடு, இலையோடு, மரமும் அவருமாகக் கீழே வந்தார்கள். பன்னீர் தெளிக்கிற பெண் அலறினாள். மேளம் நின்றது.

"டாக்டரக் கூப்புடுங்க. டாக்டரு எங்க?"

கூட்டம் ஒரே முகமாக வீரபாகுவைப் பார்த்தது. கண்ணாத்தாள் ஓடிவந்து, "பெரிய மாப்ள, நீங்க பாருங்க சாமி," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். உண்மையான எம்.பி.பி.எஸ். ஒருவரும் மண்டபத்தில் இருந்தார். தோல் டாக்டர். பந்தியில் உட்கார்ந்திருந்த அவருக்குச் சேதி போனதும், "உடனே ஸ்கேனுக்குக் கொண்டு போங்க," என்று சொல்லிவிட்டு இலையில் இட்லிக்குச் சாம்பார் வாங்கிக்கொண்டார்.

சின்னுசாமியைத் தூக்கி மணமகன் அறைக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார். வீரபாகு கதவைச் சாத்திவிட்டு சபரிநாதனை ஓரமாக இழுத்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"சபரி, எனக்கு ஒண்ணும் தெரீல. கோழி இப்படிக் கழுத்தச் சாச்சா அது வெள்ளைக்கழிச்சல். தனியா எடுத்துக் கட்டிருவேன். மாமனார என்ன பண்றது? நீ பாரு."

பத்து வருஷத்தில் சகலை அவரிடம் கேட்ட முதல் உதவி அது. அதை அனுபவிக்க சபரிநாதனுக்கு நேரமில்லை. அவர் ஏற்கெனவே மாமனார் முன்னால் முட்டி போட்டிருந்தார்.

"மாமா, சிரிங்க பாக்கலாம்."

"எதுக்குங்க மாப்ள சிரிக்கறது?"

"சும்மா சிரிங்க. பல்லு தெரியட்டும்." வாய் கோணவில்லை. பேச்சுக் குழறவில்லை. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். சமமாகத் தூக்கினார். வலியில்லை, மரத்துப்போகவில்லை, மார்பு அடைக்கவில்லை. "இதுக்கு முன்னால சுத்துச்சுங்களா?"

சின்னுசாமி, மனைவி வெளியே நின்ற கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரமாவே இருக்குதுங்க. படுக்கையில சோத்தாங்கைப் பக்கம் பொரண்டா ஊடே சுத்துது. கொஞ்ச நேரத்துல நின்னுரும். கல்யாண ஊட்ல சொல்ல வேண்டாமுன்னு உட்டுட்டனுங்க."

சபரிநாதன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. காதுக்குள்ளே நிதானம் காட்டுகிற இடத்தில் மணல் மாதிரிச் சின்னத் துகள்கள் உண்டு. அவை இடம் மாறிப் பக்கத்துக் குழாயில் விழுந்துவிட்டால் தலையை அசைக்கும்போது உலகம் சுற்றும். மாத்திரையால் துகள் நகராது. தலையைச் சரியான கோணங்களில் சாய்த்துத் திருப்பி, அதை வந்த வழியே உருட்டிவிட வேண்டும். இதை அவர் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார்.

"அண்ணா, மாமா தோளப் புடிச்சுக்கங்க. பயந்துக்கிட்டு எந்திரிக்கப் பாப்பாரு, உடாதீங்க."

வீரபாகு பிடித்துக்கொண்டார். சபரிநாதன் மாமனாரின் தலையை வலது பக்கமாகத் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது.

"ஐயோ மாப்ள, கழுத்த முறிச்சுப் போடாதீங்க. டாக்டரு போட்டுர்றனுங்க. காயிதத்த எடுத்துர்றனுங்க."

"கண்ணத் தொறங்க மாமா."

கண்கள் துள்ளின. ஒரு பக்கமாகச் சுழன்று சுழன்று இழுத்தன. சபரிநாதன் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டெல்லி, கோர்ட், மஞ்சள் காகிதம் எதுவும் அப்போது அவர் நினைப்பில் இல்லை. துள்ளல் அடங்குகிறவரை காத்திருந்தார். தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பினார். மறுபடி காத்திருந்தார். உடம்போடு ஒருக்களித்துப் புரட்டி மூக்கு தரையைப் பார்க்கவைத்தார். பிறகு கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்காரவைத்தார். உட்கார்ந்ததும் சின்னுசாமி விடிகாலையில் சாப்பிட்ட காபி, பொங்கல் எல்லாவற்றையும் மருமகனின் பட்டுச் சட்டையில் கக்கினார்.

சின்னுசாமி கண்ணைத் திறந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். எழுந்து நின்றார். நாலடி நடந்தார்.

"நின்னுருச்சுங்க," என்றார் நம்பாமல். "ஊடு ஒரே எடத்துல நிக்குதுங்க."

சபரிநாதன் அவரை அன்று முழுக்க அண்ணாந்து பார்க்காமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழுவப் போனார். கழுவிய சட்டை உடுத்துகிற நிலையில் இல்லை. பிரவீனா எங்கெங்கோ தேடிக் கடைசியில் சமையல் காண்ட்ராக்டரிடம் ஒரு டீ-சர்ட் வாங்கி வந்தாள். முதுகில் கேட்டரிங் பெயரும் போன் நம்பரும் இருந்தன.

"நல்லாத்தான் பண்ணுனீங்க," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மைக் பேசியது.

"மணமகனின் தந்தையாருக்குத் திடீரென ஏற்பட்ட மயக்கத்தைத் தக்க சமயத்தில் குணப்படுத்திய டாக்டர் வீரபாகு அவர்களுக்கு மணமக்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி."

மண்டபம் கைதட்டியது. வீரபாகு நல்ல மனிதர்தான். மேடைக்கே போய் மைக்கை வாங்கி, "நான் ஒண்ணும் பண்ணலீங்க. தோளத்தான் புடிச்சேன். எல்லாம் சபரிதான் பண்ணுச்சு," என்றார். கூட்டம் உருகிவிட்டது. இவ்வளவு பெரிய டாக்டர், பேரைத் தூக்கிச் சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறாரே, என்ன மனசு என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சபரிநாதன் பந்திப் பக்கம் போனார். இரண்டு பேர் அவரிடம் ரசம் கேட்டார்கள். ஒருவருக்கு ஊற்றவும் செய்தார்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் சின்னுசாமி தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். தலைச்சுற்று திரும்பவில்லை. சோதித்துப் பார்த்த சபரிநாதன், மறுபடி வந்தால் உடனே வரச் சொன்னார். சின்னுசாமி போகாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, பண்ணுனது நீங்கதான்னு எனக்குத் தெரியாதுங்களா? தலை என்னுதுதானுங்க. ஆனா மைக்குல சொல்லிப்போட்டாங்க. இனி நான் போயி மாத்திச் சொன்னா பெரிய மாப்ள மனசு நோகுமுங்க."

"அவரே சொன்னாருங்களே மாமா."

"அவரு பெருந்தன்மைக்குச் சொன்னாருங்க," என்றார் சின்னுசாமி. அந்த அறைக்குள் இருந்தவரே அப்படிச் சொன்னதும் சபரிநாதன் மெஷின் ஒயர்களைச் சுற்றி வைக்கத் தொடங்கினார்.

ஆனால் சின்னுசாமிக்கும் மனசாட்சி உண்டு. முட்டை மண்டிக்கும் தீவன மில்லுக்கும் போகிற இடத்திலெல்லாம், தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் காதோடு சொல்லி அனுப்பினார்: "பரமத்தி ரோட்டுல நம்ம சின்ன மாப்ள இருக்காரு, போங்க. மாத்தர கீத்தர ஒண்ணுமில்ல. தலையப் புடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டுவாரு. நின்னுரும்." வந்தவர்களில் பாதிப் பேருக்கு நின்றது. துகள் விவகாரம் இல்லாதவர்களைச் சபரிநாதன் ஆஸ்பத்திரிக்கும் காது மூக்கு டாக்டரிடமும் அனுப்பிவைத்தார். அப்படிப் போய் உரிய நேரத்தில் ரத்தக்குழாய் அடைப்பு கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர், தலையை ஆட்டாமலே கண்டுபிடித்துவிட்டார் என்று இன்னும் நான்கு பேருக்குச் சொன்னார். மார்கழிக்குள் பெயர் நிலைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரும் இயன்முறை மருத்துவமனை என்று கேட்பதில்லை. கரண்ட் வைக்கிற இடம் என்றும் கேட்பதில்லை. "தலையாட்டி டாக்டர் ஊடு எதுங்க?" என்று கேட்டார்கள். ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து இறக்கினார்கள்.

டெல்லி கொடுக்காமலே டாக்டர் வந்துவிட்டது. முன்னால் தலையாட்டியும் சேர்ந்து வந்துவிட்டது. இதற்குச் சந்தோஷப்படுவதா, நாக்கைப் பிடுங்கிக்கொள்வதா என்று சபரிநாதனுக்குத் தெரியவில்லை. யார் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிற ஒரு ஆள் தன் உருவத்தில் ஊர் முழுக்க நடமாடுவது மாதிரி இருந்தது. மாதையனிடம் சொல்லிப் புலம்பினார்.

மாதையன் கொதித்தார். "இது உங்க ஒருத்தருக்கு வந்த அவமானமில்லீங்க. துறைக்கே வந்த அவமானம். தீர்மானம் போடறோம்."

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஓட்டல் ஹாலில் கூட்டம் கூடியது. கண்டனத் தீர்மானத்தைச் செய்திச் செயலாளரான சபரிநாதனே முன்மொழிவதாக ஏற்பாடு. மாதையன் வாசித்தார். உடனே விவாதம் தொடங்கியது. ‘தலையாட்டி’யைக் கண்டிக்கும்போது கூடவே இருக்கிற ‘டாக்டர்’ என்பதையும் கண்டித்த மாதிரி ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் ‘தலையாட்டி’யை மட்டும் நீக்கிவிட்டு ‘டாக்டர்’ என்று அழைக்கும் பொதுமக்களுக்கு நன்றி சொல்லலாம் என்றார் இன்னொருவர். நன்றியும் கண்டனமும் ஒரே தீர்மானத்தில் வரலாமா என்று விதிமுறையைத் தேடினார்கள். டீ வந்தது. பக்கோடா வந்தது. சபரிநாதனின் போன் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. தெரியாத நம்பர்கள். அவர் எழுந்து கழிப்பறைக்குப் போகிறவர் மாதிரி வெளியே வந்தார். காரை எடுத்தார்.

ஆண்டகளூர் கேட் தாண்டும்போது பிரவீனா அழைத்தாள்.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க? கிளினிக் பூட்டியிருக்குன்னு எல்லாரும் ஊட்டுக்கே வந்துட்டாங்க. வாசல் வரைக்கும் சனம். ஒரு அம்மா செவுத்தப் புடிச்சுக்கிட்டே நிக்குதுங்க. தலையாட்டி டாக்டர் எப்ப வருவாருன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

முன்னால் ஒரு முட்டை லாரி போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லா வண்டியும் அதற்கு வழிவிட்டுத்தான் போகும்.

"அந்தம்மாவ மொதல்ல உக்கார வெய்யி. சிரிக்கச் சொல்லிப் பாரு, வாய் கோணுதான்னு. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லு. ஏதாச்சும் வித்தியாசமா இருந்தா எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்சக் கூப்புடு."

"செரிங்க. அப்பறம், மத்தவங்களுக்கு?"

"வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லு," என்றார்.

"யாருன்னு சொல்லட்டும்?" என்றாள் பிரவீனா. அவள் வேண்டுமென்றே கேட்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. போனைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு, சபரிநாதன் ஹாரனை அழுத்தி முட்டை லாரியை முந்தினார்.